பதினொன்றுக்குப் பத்து

தோ பாயோ அரங்கில் அன்று
ஏர்கான் அளவுக்கு மீறிக் குளிர்ந்தது.
தட்டில் பீஹூன் விறைத்துக்கொண்டிருந்தது.
ஆறு கல்லூரிகள், இருபத்தொரு ஓட்டு:
பயிற்றுநர் ஆறு, நடுவர் ஒன்பது, அணித்தலைவிகள் ஆறு.
சொந்த அணிக்குப் போடக்கூடாது.

"இவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர்" என்று நிறுத்தி
அறிவிப்பாளர் தண்ணீர் குடித்தார்.
பிறகு சொன்னார்: ஹுய் ஷான்.
பதினொன்றுக்குப் பத்து.

பத்து, நான்.

உள்ளங்கை சிவக்கக் கை தட்டினேன்.
ஜெசிந்தா என் முழங்காலைப் பிடித்தாள்:
"ஒரே ஒரு ஓட்டு லா."

அந்த ஒன்று எங்கே போனதென்று
எனக்குத் தெரியும்.

போன புதன்கிழமை,
சலவை இயந்திரம் அதிரும் சமையலறையில்,
படிவத்தில் முதலில் வேறு பெயர் எழுதினேன்.
நல்ல பெண். மற்ற யாரும் போடமாட்டார்கள்.
எனக்குக் கேடில்லாத பெயர்.
எழுதி, அடித்தேன்.

ஜனவரி ஆட்டம். ஒன்பது நொடி மிச்சம்.
அவர்கள் ஒரு புள்ளி முன்னே.
பந்து கோட்டைத் தாண்டிப் பைகளின் குவியலுக்குள் உருண்டது.
நடுவர் கை அவர்கள் பக்கம் நீண்டது.
ஹுய் ஷான் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள்:
பட்டது. என்மேல்தான் பட்டது.
அவள் பயிற்றுநர் நாற்காலியை உதைத்தார்.
பந்து எனக்கு வந்தது. போட்டேன். வென்றோம்.
அந்தக் கூடையையும் சேர்த்துத்தான்
இந்தப் பருவத்தில் எனக்கு
முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளி.

பெருந்தன்மை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.
பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன்.
அவள் முழங்கை என் விலாவில் வைத்த நீலம்
அப்போதும் வலித்தது.

திரும்பும் ரயிலில்
எதிர் இருக்கையில் அவள்.
கோப்பை, கடைப் பை ஒன்றுக்குள்.
அடுத்த ஆண்டு திருப்பித் தரவேண்டியது;
அடிப்பாகம் முழுக்கப் பெயர்த் தகடுகள்,
இன்னும் ஒன்றுக்குத்தான் இடம்.

அம்மாவின் செய்தி: கிடைச்சுதா?
இல்லை என்று தட்டி
அனுப்பாமல் வைத்திருந்தேன்.

அவளும் அணித்தலைவிதான்.
அவளுக்கும் ஒரு ஓட்டு இருந்தது.
கேட்டிருக்கலாம்.
அங் மோ கியோ போனது. இயோ சூ காங் போனது.
கண்ணை மூடியிருந்தாள்.
தூங்குகிறாள் என்று வைத்துக்கொண்டேன்.

காத்திப்பில் ரயில் குலுங்கி நின்றபோது
கோப்பையின் மூடி பைக்குள்
டிங் என்றது.
கண் திறக்காமல்
சுண்டுவிரலால் அதை அமுக்கிப் பிடித்தாள்.

ஈசூனில் இறங்கினேன்.