ருமா ஆப்பி

மலாய்க்காரர்கள் வைத்த பெயரே சரி:
நெருப்பு வீடு.
மாத அறிக்கையில் நான்
கலங்கரை விளக்கம் என்று எழுதியதைப் பார்த்துக்
கிராணி சிவனேசன் கேட்டார்,
"எங்கம்மா இருக்கு கரை?"

மேற்கே, ஒன்பது கிலோமீட்டரில்.
நடுவில் முழுக்கச் செம்பனை.
புக்கிட் தாலாம் தோட்டம்,
பதினேழாம் நம்பர் காட்டில்
டவுனுக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி
நிற்கிறது கோபுரம்.
அது நகரவில்லை. கடல்தான் போய்விட்டது.

பலகையில் ஆண்டு அழிந்திருக்கிறது.
நூற்று நாற்பது வயது என்கிறார் மேனேஜர்.
இருநூறு என்கிறது டவுன் காப்பிக் கடை.
செங்கல்லுக்கு முன்னால், ஏதோ ஒரு ராஜா காலத்தில்,
இந்த மேட்டில் விறகு எரித்தார்களாம்.
சாட்சி, தோண்டினால் வரும் கரி.

என் வேலை ஆந்தை எண்ணுவது.
எலிக்காகக் கம்பெனி வைத்திருக்கும் கூகைகள்.
பெட்டி அடித்து மாட்டினோம், சீண்டவில்லை;
தாமாகவே இங்கே குடியேறிவிட்டன.

தொண்ணூற்று மூன்று படி.
முதல் இருபதில் வௌவால் நாற்றம்.
அதற்கு மேல் சுவரில் எண்ணெய்க் கறை,
தோள் உயரத்தில், படியோடு வளைந்து வளைந்து.
ஒரே ஆள், ஒரே தோளில்,
தகரம் சுமந்து ஏறிய தடம்.

ஆபீஸ் கணக்கில் அவன் பெயர்
"விளக்குக் கூலி, ஒன்று."
சுவரில் அவனே கீறி வைத்திருக்கிறான்:
கோட்டைக்கறுப்பன்.
கீழே ஐந்தைந்தாய்க் கோடுகள்.
தகரங்களா, நாட்களா, கடந்துபோன கப்பல்களா,
தெரியவில்லை.
அறுபத்தொன்றாம் படியில் ஒரு கட்டு
நாலோடு நின்றுவிட்டது.

அவன் ஏற்றிய வெளிச்சத்தைக் கப்பல் தட்டில் பார்த்துத்தான்
எங்கள் ஆட்கள் எழுந்து மூட்டை கட்டினார்கள்.
இறங்கினால் முட்டளவு சேறு.
அந்தச் சேற்றில் வரப்பு போட்டு, கான் வெட்டி,
அலையைத் தள்ளித் தள்ளி
விளக்குக்கு வேலை இல்லாமல் பண்ணியவர்களும்
அவர்களேதான்.
நாள் கூலி நாற்பது காசு.

ஜப்பான்காரன் பூசச் சொன்ன தார்
கண்ணாடி ஓரத்தில் இன்னும் இருக்கிறது.
நகத்தால் சுரண்டினால் வருகிறது.
நான் சுரண்டுவதில்லை.

நேற்று ஆறு குஞ்சு.
கக்கிய உருண்டைகளில் எலி மண்டை பதினொன்று.
எழுதி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.
நெற்றி லைட்டைப் போட்டுக்கொண்டு
கண்ணாடி அறையை இரண்டு சுற்று வந்தேன்,
எங்கேயோ வைத்த பேனாவைத் தேடி.

கீழே இறங்கினால் போன்.
குலை லோரி ரோஸ்லான்.
மில் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டானாம்.
"அக்கா, ருமா ஆப்பி எரியுதா?"

"ஆந்தை" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"சரி" என்றான். ஆனாலும்
நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான்
போனான்.