பென்சிலால் மட்டும்

திங்கட்கிழமை பவர் கிளீன்.
ஐந்து செட், மும்மூன்று.
பேனாவால் எழுதுவதில்லை நான்.
கோத்தகிரி ஈரத்தில் மை நிற்காது,
திங்கட்கிழமையும் நிற்காது.

கேரட் கழுவும் ஷெட்டின் பின்பாதியைப்
போஜன் எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்.
முன்பாதியில் மெஷின் உருளும்,
பின்பாதியில் நானும் தர்மசீலியும்.
தட்டுகளில் எண் தேய்ந்து துருவாகிப்போனதால்
பத்தா பதினைந்தா என்று
மூட்டைத் தராசில் வைத்து நிறுத்தி
சுண்ணாம்பால் மேலே எழுதிக்கொண்டோம்.
ஒரு தட்டு மட்டும் ஒன்பது எண்ணூறு.
அதை எப்போதும் இடப்பக்கம்தான் மாட்டுவாள்.
ஏனென்று கேட்டால்,
"கம்பு பிடிக்கிறப்ப வலக்கைதானே உனக்கு மேலே"
என்பாள், காரணம் மாதிரி.

புதன், ஸ்குவாட். பிறகு
உத்தரத்தில் தலைகீழாய்த் தொங்கி
கால்விரல் கையைத் தொடும்வரை.
வெள்ளி, கனம் ஆகாது.
சனிக்கிழமை ஓட்டமும் தாண்டலும்;
செத்த கால்களோடு கம்பை ஊன்றினால்
கம்பு வளையாது, நான்தான் வளைவேன்.
நான்காவது வாரம் எல்லாம் பாதி.
பாதி என்று எழுதும்போது மட்டும்
யாரிடமோ எதையோ திருடுகிற மாதிரி இருக்கும்.

சிக்கல் இதுதான்.
என் கம்பின் தலைமாட்டில்
அறுபது என்று அச்சடித்திருக்கிறது.
அறுபது கிலோ உடம்பு வரைக்கும் தாங்கும்,
அதற்கு மேல் அது பொறுப்பில்லை.
அடுத்த கம்பு அறுபத்தைந்து.
விலை கேட்டேன்.
கேட்டதோடு சரி.

ஆக, தொடை வேண்டும்,
தொடையின் எடை வேண்டாம்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பிப்ரவரியில் ஒருநாள் எண்பது கிலோவோடு
உட்கார்ந்து எழுந்தேன்.
தர்மசீலி விசிலடித்தாள்.
போஜன் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.
அந்தச் சூட்டிலேயே தராசில் ஏறினேன்.
அறுபத்தொன்று.
"ஷூவைக் கழட்டு."
கழற்றினேன்.
"ஸ்வெட்டர்."
"சடையையும் வெட்டிடவா?"
எல்லாம் போக அறுபதில் வந்து
முள் நடுங்கிக்கொண்டு நின்றது.
அந்த மாதத்தின் மூன்று புதன்களை அழித்தேன்.
ரப்பர் தூள் தாளை விட்டுப் போகவேயில்லை.

மார்ச்சில் மைதானத்துக்குப் போனால்
ஓடுபாதையின் நடுவே காட்டெருமை.
ஆயிரம் கிலோவாவது இருக்கும்.
எங்கள் மெத்தையை மோந்து பார்த்தது.
சரிவராத முகத்தோடு திரும்பி
நாலடி மதிலை
நின்ற இடத்திலிருந்தே தாண்டிப் போனது.
கல்லில் குளம்பு படவில்லை.
வெகுநேரம் கழித்து தர்மசீலி கேட்டாள்,
"அதுக்கு எந்த நம்பர் கம்பு?"

போட்டிக்கு முந்தின வாரம்
வெறும் பார் மட்டும், பதினைந்து கிலோ.
எளிது என்று நினைத்திருந்தேன்.
ராத்திரியெல்லாம்
உள்ளங்கை இரண்டும் விழித்துக் கிடந்தன.
தர்மசீலி நோட்டைப் புரட்டிக்
கூட்டிக்கொண்டே வந்தாள்.
நாலு மாதத்தில் முப்பத்தைந்து டன்.
"நாலு லாரி கேரட்டுடி."
அத்தனையும்
இரண்டேகால் கிலோ குறுக்குச்சட்டம் ஒன்றைத்
தொடாமல் இருப்பதற்கு.

மேட்டுப்பாளையம் பஸ்.
சாமான் தட்டில் பன்னிரண்டரை அடி,
துணி சுற்றி, கயிறு கட்டி.
எத்தனை கிலோ என்றார் கண்டக்டர்.
ரெண்டுகூட வராது என்றேன்.
இவ்வளவு நீளத்துக்கா என்று நம்பாமல்
ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார்.
ஆனாலும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள்
அந்தச் சீட்டின் முதுகில்
மே மாதத்துத் திங்கட்கிழமையை எழுதத் தொடங்கினேன்.
பஸ் திரும்பியது.
ஐந்து என்று எழுதியது
ஆறு மாதிரி விழுந்திருக்கிறது.