படர்க்கை ஒருமை

அங்கே இரவுப் படிப்பு ஏழரைக்குத் தொடங்கும்போது
திமிலைதீவில் ஐந்து மணி.
மூன்று நாளாய் விடாத மழை.
மேசைக் கால்களுக்குச் செங்கல் வைத்தாயிற்று,
ரவுட்டர் அலுமாரியின் மேல்,
நான் கட்டிலின் மேல்.

இன்றைக்குப் பதினெட்டுக் கடிதங்கள்.
ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம், நூற்றுப் பத்து ரூபாய்.
கம்பெனி எனக்கு வைத்த பெயர் எம்மா.
எம்மாவுக்கு ஊர் கிடையாது,
யாராவது கேட்டால்
சிரிப்புப் படம் ஒன்றை அனுப்ப வேண்டும்.

தலைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான்:
பிரிட்டனில் இருக்கும் நண்பன் டேவிட்டுக்கு
உங்கள் வீட்டுப் புத்தாண்டைப் பற்றி எழுதுக.
எண்பது சொற்கள். தொடக்க வரி தரப்பட்டுள்ளது.
சொந்தப் பெயர் எழுதலாகாது,
லின் யூ என்றே ஒப்பமிடுக.

லின் யூக்கள் வரிசையாக வந்து
டேவிட்டின் சுகம் விசாரிக்கிறார்கள்.
எல்லா வீட்டிலும் ஒரே பலகாரம் அவிகிறது,
கொழுக்கட்டை என்று எனக்குள் வாசித்துக்கொள்கிறேன்.
ஒருவருக்கும் 'த' எங்கே வருமென்று தெரியவில்லை.
எனக்கும் தெரியாது, கை பழகிக் கிடக்கிறது:
நிலவுக்கு முன்னால் போடு,
அன்புக்கு முன்னால் போடாதே.
அவர்கள் மொழியிலும் அது இல்லை,
என் மொழியிலும் இல்லை.
மீன் தின்னாத இரண்டு பேர்
முள்ளெடுப்பதைப் பற்றிப் பேசுகிறோம்.

பதினோராவது கடிதம்.
என் அம்மா டோங்குவானில் சப்பாத்துத் தைக்கிற வேலை.
அம்மா வருசத்தில் இரண்டு தரம் வீட்டுக்கு வரு.

அப்படித்தான் என் காதில் விழுந்தது,
வரு.
எங்களுக்கென்றால் வினையின் வாலில்
ஆள் ஒன்று நிற்கும்.
வருகிறாள், சமைக்கிறாள், திரும்பிப் போகிறாள்.
இங்கே ஆளைக் காணோம்.

சிவப்பில் ஓர் 'எஸ்' போட்டேன்.
விளக்கப் பெட்டியில் எழுதினேன்:
படர்க்கை ஒருமை, நிகழ்காலம்,
வழக்கமாக நடப்பதைச் சொல்வது.

வழக்கமாக.

என் அம்மா குவைத்துக்குப் போய்
பதினாறு வருசத்தில் மூன்று தரம் வந்தா.
எட்டாம் வகுப்பில் நானும் எழுதினேன், 'மை மதர் கோ',
வட்டம் போட்டுத் தந்தார்கள்.
ஆனாலும் பேசும்போது நாங்களும்
கடைசி எழுத்தை விழுங்கிவிடுவோம்:
அம்மா வந்தா. அம்மா போனா.
அதை மட்டும் ஒருவரும் பிழையென்று சொன்னதில்லை,
மரியாதை என்றார்கள்.

முற்றத்துத் தண்ணீர் இரண்டாம் படிக்கு ஏறிவிட்டது.
மதிலுக்கு அப்பாலிருந்து கனகரெத்தினம் கத்துகிறார்:
"முகத்துவாரம் வெட்டுறாங்களாம் பிள்ள,
மறுகா வடிஞ்சிரும்!"
ஓம் என்று நானும் கத்தினேன்,
மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

கடிதத்தின் அடியில் இன்னும் ஒரு வரி,
எண்பது சொல்லுக்கு வெளியே:
டீச்சர், உங்கள் ஊரில் பனி பெய்யுமா?

விரல் சிரிப்புப் படத்துக்குத்தான் போனது.
மழை, என்று அடித்தேன்.
இப்போது. நிறைய.

பிறகுதான் கவனித்தேன், ஒப்பத்தில் லின் யூ இல்லை.
எனக்குப் படமாக மட்டும் தெரியும் மூன்று எழுத்துகள்,
பக்கத்தில் ஆங்கிலத்தில்
எக்ஸில் தொடங்கும் ஒரு பெயர்.

சொந்தப் பெயர்: இரண்டு புள்ளி குறைவு.
குறைத்தேன்.
பரீட்சையில் எப்படியும் குறைப்பார்கள்,
நான் விட்டுவைத்து யாருக்கு என்ன.

லைட் பில்லைத் திருப்பி
அதன் முதுகில் தமிழில் எழுதிப் பார்த்தேன்.
ஷூ சியாவ்யுன்.
அடித்துவிட்டு, சூ ச்சாவ்யுன்.
அதையும் அடிக்காமல் விட்டேன்.
எது சரி என்று கேட்கலாம்,
ஆனால் எம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

கறண்ட் போனது.
போனில் முப்பத்திரண்டு வீதம் இருக்கிறது.
இன்னும் ஏழு கடிதங்கள்.