மிகையா, குறையா, பூஜ்யமா

ஓலேசுண்டில் ஜனவரி. நாலு மணிக்கே விளக்கு.
மீன்பண்ணைக் கப்பலுக்கு ஒரு பளுதூக்கி.
கடல் அசைய, கொக்கி அசைய,
அந்த அசைவு எப்போது அடங்கும்?
எண்ணாக வேண்டாம், சூத்திரமாகவே வேண்டும்
என்றாள் தோருன்.
எண்ணை நம்பி ஒருமுறை வின்ச் உடைத்தவள்.

குறியீடுகளோடே கணக்குப் போடும் மென்பொருள்
மூன்றை எடுத்துவைத்து
மூன்றிடமும் ஒரே தொகையீட்டைக் கேட்டோம்.

ஒன்று விலை கூடியது. ஆண்டுச் சந்தாவில்
ஓஸ்மண்டின் பழைய வோல்வோவை வாங்கிவிடலாம்.
கேட்டு முடிக்குமுன் விடை, அழகான விடை.
ஓரத்தில் மட்டும் "ஆல்ஃபா மிகை எனில்" என்று,
ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் மாதிரி.

அடுத்தது இலவசம். எங்கள் நிரலுக்குள்
ஒரே இம்போர்ட் வரியில் நுழைந்துவிடும்.
நான் காபி போட்டு, குடித்து,
கோப்பையும் கழுவிவிட்டு வந்தேன்.
அப்போதுதான் விடை இரண்டாய்ப் பிரிந்து வந்தது:
ஒரு கிளை காய்த்து,
ஒரு கிளை மொட்டையாய்.

மூன்றாவது, நாங்கள் பிறக்குமுன் எழுதப்பட்டது.
அடைப்புக்குறிகளின் பரம்பரை.
அது விடையே சொல்லவில்லை. கேட்டது:
ஆல்ஃபா மிகையா, குறையா, பூஜ்யமா?

"இது என்ன, வரி அலுவலகமா?" என்றான் ஓஸ்மண்ட்.

இருந்தும் அன்றிரவு
நானூறு தொகையீடுகளை அதன் தலையில் கட்டிவிட்டு
வீட்டுக்குப் போனோம்.
காலையில் வந்தால், பதினேழாவதில் நிற்கிறது.
கர்சர் துடிக்க, விடிய விடிய
அதே கேள்வி.

விசைப்பலகைமேல் ஒரு மஞ்சள் சீட்டு.
இரவில் தரை துடைக்கும் லெஸ்லாவின் கையெழுத்து:
"உங்கள் கணினி ஏதோ கேட்கிறது.
எனக்குத் தெரியவில்லை.
அதனால் எதையும் அழுத்தவில்லை."

தோருன் அதை இரண்டு தடவை படித்தாள்.
கோட்டை மாட்டிக்கொண்டு
கப்பல்துறைக்கு நடந்தாள், டேம்பரைத் திறந்து பார்க்க.

எண்ணெய் கசிந்து பாதி காலி.
ஆல்ஃபா மிகைதான்,
மயிரிழையில்.

கடைசியில் எதைத் தேர்ந்தீர்கள் என்றால்,
இரண்டாவதைத்தான். கையிருப்பு அவ்வளவு;
மற்ற நிரலெல்லாம் பைத்தானில் வேறு.
ஆனால் அந்த இம்போர்ட் வரிக்கு மேலே
தோருன் எழுதிவைத்த குறிப்பு இருக்கிறது:
ஆல்ஃபா மிகை. ஜனவரி ஒன்பது, நேரில் பார்த்தது.
எண்ணெய் மாற்றினால் மறுபடி பார்.

மஞ்சள் சீட்டு திரையோரத்தில் இன்னும் இருக்கிறது.
பசை போய்விட்டது,
டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம்.