விளக்கு எரிகிறது, சேர்

எரிகிறதுதான்.
பலகையில் இரண்டு பல்ப், ஒரு மின்விசிறி, ஒரு பிளக் பொயின்ட்.
குழாய்கள் நூல் பிடித்தமாதிரி,
மூலையில் வளைவு கூட வடிவு.
பச்சை மஞ்சள் கம்பி மட்டும்
பெட்டிக்குப் பின்னால் மடிந்து கிடக்கிறது,
எதையும் தொடாமல்.

அது இல்லாமலும் எரியும், அப்னான்.
அதுதான் அதில் உள்ள பிரச்சினை.

நான் ஒப்பம் வைக்கவில்லை.

செவ்வாய் உம்மா வந்தார்.
கையில் கட்டார் வேலைக் கடிதத்தின் நகல்,
மழைக்குப் பயந்து லேமினேட் செய்தது.
"ஒரு கம்பிதானே சேர்" என்றார்.
அவரில் பிழையில்லை,
சம்மாந்துறை முழுக்க அப்படித்தான் சொல்லும்.
புதன் ஏஜென்சிக்காரர் பேசினார், மிக மரியாதையாக.
வியாழன் பொறுப்பதிகாரி
சித்தி வீதத்தைச் சிவப்பில் வட்டமிட்டு
என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
பேசவில்லை.

என் கடமைப் பட்டியலில் பதினொரு விடயங்கள்.
வரவு எடுத்தல்.
கையிருப்புப் பதிவேடு பேணல்.
மாதாந்த அறிக்கையை ஐந்தாம் திகதிக்குள் அனுப்பல்.
உபகரணங்களுக்கு எண்ணெய் இடுவதுகூட உண்டு.
பேனையை மூடி வைத்தல் என்று
பன்னிரண்டாவதாய் எவரும் எழுதியிருக்கவில்லை.

போன நோன்பில்
நிந்தவூரில் ஒரு வீட்டுக்கு நோன்பு திறக்கப் போனேன்.
பிரிட்ஜுக்கு முன்னால் ஒரு சோடி இறப்பர் செருப்பு.
தண்ணீர்ப் போத்தல் எடுக்க எழும்பினேன்,
வீட்டுப் பிள்ளை, ஆறு வயதிருக்கும், குறுக்கே வந்தாள்:
"செருப்பப் போட்டுட்டுத் தொறங்க மாமா, கடிக்கும்."
மூன்று வருடமாகக் கடிக்கிறதாம்.
முதல் சோடி தேய்ந்து, இது இரண்டாவது சோடியாம்.
எல்லோரும் சிரித்தோம், நானும்.

மஃரிபுக்குப் பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி
சுவரில் இருந்ததைக் கழற்றினேன்.
உள்ளே கம்பி நுனியில்
இடப்பக்கம் இரண்டு சுற்று, பிறகு மடித்து ஒன்று.
அந்த முறுக்கு என்னுடையது.
இந்தப் பக்கம் வேறு யாரும் அப்படிச் சொல்லிக் கொடுப்பதில்லை.

வயரிங் யார் என்று கேட்கத் தேவையில்லை.
கேட்டேன்.
சர்ஜூன்.
நல்ல பையன், சலாம் சொல்லாமல் கடந்து போகமாட்டான்.
அது கணக்காய்வு வாரம்.
பதினெட்டுப் பேருக்கு ஒரே பின்னேரத்தில் ஒப்பம் வைத்தேன்.
பச்சை மஞ்சள் கம்பி, டேப் சுற்றி,
சுவருக்குள் நித்திரை.

இதை அப்னானின் உம்மாவுக்கு நான் சொல்லவில்லை.
"திங்கள் வரட்டும், பலகை அப்படியே இரிக்கும்"
என்று மட்டும் சொன்னேன்.

திங்கள் வரவில்லை.
அடுத்த நாள், மாரி மழை, ஐந்தேமுக்கால்,
பூட்டைக் கையில் எடுத்துவிட்டேன்,
வந்தான். முகம் தரவில்லை.
தலைமயிரிலிருந்து சொட்டச் சொட்ட நின்றவனை
முதலில் துவட்டச் சொன்னேன்.
ஈரக் கையோடு பலகைக்குப் போகாதே
என்பது முதல் நாள் பாடம்.

கதிரையில் இருந்தேன்.
ஒருமுறை அவன் கை பிழையான முனைக்குப் போனது,
இருமினேன்.
எனக்குச் சளி இல்லை, அது அவனுக்கும் தெரியும்.

முடிந்தது என்றான்.
"இனி வேணுமெண்டே பிழை வை" என்றேன்,
"குறட்டால் பிடி, உயிர்க்கம்பியைப் பெட்டியில் முட்டு."
திரும்பிப் பார்த்தான், பயந்து.
ஆறு மாதமாக நான் காத்திருந்த பயம்.

முட்டினான்.
டக்.
பலகை, மண்டபம், பக்கத்துத் தையல் வகுப்பு,
எல்லாம் இருட்டு.
ஜெஸீமா மிஸ்ஸின் பிள்ளைகள் கூவினார்கள்.
இருட்டுக்குள் அவன் சிரிப்பது கேட்டது.
"சரியா சேர்?"

அவனுடைய போன் வெளிச்சத்தில் பேனையைத் தேடி
ஒப்பம் வைத்தேன்,
திகதியை அன்றைய திகதியாகவே.

பிறகு சுவிட்சைத் தூக்கிவிட்டு,
கையிருப்புப் பதிவேட்டைத் திறந்து,
புவிக்கம்பி, பச்சை மஞ்சள்,
ஒன்றரை அடி
குறைத்து எழுதினேன்.