நாற்பத்திரண்டு வோல்ட்

பெட்டியை முதலில் தராசில் தொங்கவிட்டேன்.
பிள்ளைகளை நிறுக்கும் அதே தராசு,
அதே துணித் தொட்டில்.
மூன்று கிலோ நூறு.
"நல்ல எடை" என்று வாய் தானாகச் சொன்னது.

அறுபது செல்.
செத்த லெப்டொப்களின் வயிற்றிலிருந்து
ஹட்டன் நிஸ்தார் நானா கிண்டி எடுத்தவை.
மீட்டர் முள்ளால் ஒவ்வொன்றாய்த் தொட்டு
இது ஓடும், இது ஓடாது, இதை நம்பாதே என்று
மூன்று பிஸ்கட் தகரத்தில் பிரித்தார்.
நம்பாதே தகரம்தான் முதலில் நிறைந்தது.

பின் சக்கரத்தில் மோட்டர்.
கொன்ட்ரோலர் சோற்றுப் பெட்டிக்குள்,
மூடியைச் சுற்றி அறுத்த டியூப்.
எங்கள் மழை நானாவுக்குத் தெரியும்.

ஸ்கூட்டி சாக்குப் போர்த்திக் கிடக்கிறது.
தலவாக்கலையில் பெற்றோலுக்கு நான் வரிசையில் நின்ற அன்று
மேற்கணக்கில் ஒருத்திக்குப் பனிக்குடம் உடைந்தது.
கொழுந்து லொறியில் இறக்கினார்கள்,
சாக்குகளுக்கு நடுவில்.
பிள்ளைக்கு லொறி நம்பரையே வைத்துவிடலாம் என்று
தகப்பன் சிரித்தான்.
நான் தொப்புள் கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் நாற்பத்திரண்டு.
பாலத்தடியில் நாற்பது.
பெரட்டுக்களம் தாண்டும்போது முப்பத்தெட்டு.
கிலோமீட்டர் இப்போது என் வாயில் வருவதில்லை.
பணியக்கணக்கு ஒன்றரை வோல்ட்,
மேற்கணக்கு ஆறு,
எதிர்க்காற்று என்றால் ஏழு.
முப்பத்தொன்றில் எல்லாம் நிற்கும்,
நானும் சைக்கிளும் தேயிலையும்.

மிதிக்காமல் ஏறலாம் என்று யாரோ பரப்பிவிட்டார்கள்.
மிதிக்க வேண்டும்.
மோட்டர் முதுகில் கை வைத்துத் தள்ளும்,
அவ்வளவுதான்.

முதல் கிழமையே பதினோராம் வளைவில்
அச்சு பிடி விட்டுச் சுழன்றது.
மூன்று தடித்த வயரும் அதைச் சுற்றி இறுகிவிட்டன,
கொடி சுற்றிய பிள்ளை மாதிரி.
கொடி என்றால் எனக்குத் தெரியும்,
எங்கே விரலை நுழைக்க, எப்போது வெட்ட.
இதை வெட்டக் கூடாது.
மழையில் உட்கார்ந்து, அச்சைப் பின்னோக்கித் திருப்பித் திருப்பி,
மெல்ல, மெல்ல என்று
சைக்கிளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆலை ஃபிட்டர் அருளப்பன்
பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றைப் பாதியாய் அறுத்து
அச்சில் கோத்து, வாலைச் சட்டத்தோடு கட்டினார்.
"இனி அசையாது மிஸ்ஸி.
எதுக்கும் ரோதமுனிக்கு ஒரு தேங்கா ஒடச்சிருங்க.
சக்கரம் எதுன்னாலும் அவரு பொறுப்புதானே."
உடைத்தேன்.
ஸ்பேனரா முனியா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

பயணப்படிப் படிவத்தில்
மோட்டர் சைக்கிளுக்கு ஒரு கட்டம், பஸ்ஸுக்கு ஒரு கட்டம்.
இதற்கு இல்லை.
கிளார்க் குமுதினி பேனாவைக் கடித்தாள்.
"நடையென்று போடவா?"
"நடைக்குக் காசு உண்டா?"
"இல்லை."
கட்டத்துக்கு வெளியே கையொப்பம் வைத்தேன்.

இரவில் கிளினிக் சுவரில் செருகினால்
சின்னச் சிவப்பு விளக்கு.
மேற்கணக்குப் பீலியில் தண்ணீர் காலை ஒரு மணி நேரம்தான்.
மீதி ஓடையில் இறங்கி, அணைக்குப் போய்,
குழாய்க்குள் விழுந்து,
எந்த ஊர் விளக்கையெல்லாமோ ஏற்றிவிட்டு
அரை யூனிட்டாக என் செருகியில் வந்து நிற்கிறது.
விடிந்தால் அதைத் திரும்ப மலைமேல் கூட்டிப் போகிறேன்.
பீலிக்கு அல்ல. பீலிக்கு என்னால் முடியாது.

இறக்கம் வேறு வேலை.
மோட்டர் வாயைத் திறக்காது.
பிரேக் கட்டை மாதம் ஒரு சோடி தேய்கிறது,
பனிமூட்டத்தில் மணியடித்துக்கொண்டே வருகிறேன்.
நாய்கள் இன்னும் இதை வாகனமாக ஏற்கவில்லை.

நேற்று கடைசிக் காம்பராவில்
பேச்சாயியின் மகளை நிறுத்தேன்.
நூறு கிராம்தான் கூடியிருக்கிறது. இருநூறு வேண்டும்.
அவள் கார்டைப் பார்க்கவில்லை,
வாசலில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தாள்.
"அதுல இப்ப எத்தனை மிஸ்ஸி?"
முப்பத்திநான்கு என்றேன்.
"வீடு போய்ச் சேருமா?"
இறக்கம்தானே என்றேன்.

சாயத்தண்ணி தந்தாள்.
பிள்ளைக்கு முட்டை பற்றிப் பேசினோம்,
விலை பற்றிப் பேசினோம்.
எழுந்து வந்து பார்த்தால் முப்பத்தைந்து.
சும்மா சாய்ந்து நின்றதற்கே ஒரு வோல்ட்.
நானா இதற்கு ஏதோ விளக்கம் வைத்திருக்கிறார்.
நான் இன்னும் கேட்கவில்லை.