விருப்பப் பாடம்

கருப்பூர்ப் பக்கம் பேருந்து திரும்பும்போது
வெள்ளையாய்க் கிழிந்து கிடக்கிறது கல்சுரங்கம்.
எங்கோ ஓர் உலைக்கு
உள்சுவராகப் போகிற கல்.
எல்லாரும் எதையாவது விற்கிற ஊரில்
வியாழன்தோறும் மதியம் இரண்டு மணிக்கு
நான் விற்பது
விண்வெளித் தொழில்முனைவு:
மூன்று கிரெடிட், ஐந்து அலகு, விருப்பப் பாடம்.

விரும்பி எடுத்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன் முதல் நாள்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
"டேட்டா சயின்ஸ் ஃபுல் ஆயிடுச்சு மேடம்"
என்றது கடைசி பெஞ்ச்.
அந்த நேர்மையை மட்டும் வைத்து
ஒரு கம்பெனி தொடங்கலாம்.

முதல் அலகு உரிமம். இரண்டாவது முதலீடு.
மூன்றில் காப்பீடு: வெடித்துச் சிதறினால் யார் தலையில் விழும்,
யார் பணம் கட்டுவது.
நான்கை இன்னும் நானே படிக்கவில்லை.
ஐந்தாவதில் ஜெயித்தவர்கள் கதை.

என் கதைக்கு அலகு இல்லை.
பீன்யாவில் வாடகைக் கூடம், பதினொரு பேர்,
கட்டைவிரல் பருமனில் ஒரு வால்வு.
அதை ஏற்றிச் செல்லவேண்டிய ராக்கெட்
வேறொருவருடையது. தள்ளிப்போனது.
மறுபடி தள்ளிப்போனது.
கடைசியில் மேலே போனது
எங்கள் வங்கிக் கணக்குதான்.

மிஞ்சிய ஒரு வால்வைக் கைப்பையிலிருந்து எடுத்து
வகுப்பில் சுற்றவிட்டேன்.
பெஞ்சு பெஞ்சாய் நகர்ந்து
செவ்வாய்ப்பேட்டை இளவஞ்சியிடம் வந்து நின்றது.
வீட்டில் கொலுசுப் பட்டறை.
உள்ளங்கையில் ஒருமுறை தூக்கிப் போட்டுப் பிடித்தாள்.
"நாப்பத்தெட்டு கிராம் இருக்கும்."
வரைபடத்தில் நாற்பத்தாறு.
அந்த இரண்டு கிராமைத் தேடி
எட்டு மாதம் கூட்டம் போட்டிருக்கிறோம்.
"பத்தவச்சதுல ஏறியிருக்கும் மேடம்.
செய்கூலி எவ்ளோ? சேதாரம்?"
செய்கூலியைச் சொன்னேன்.
சேதாரம் வந்தபோது
நேரமாகிவிட்டது என்று ப்ரொஜெக்டரை அணைத்தேன்.

வீட்டுப்பாடம்: முதல் வாடிக்கையாளரைக் கண்டுபிடி.
நாற்பத்தோரு பேரில் நாற்பது பேர்
அரசாங்கம் என்று எழுதியிருந்தார்கள்.
அர்த்தநாரி மட்டும் அப்பா என்று எழுதியிருந்தான்.

ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலை.
களம் முழுக்க ஜவ்வரிசி காயும்,
ஒரு தூறல் போதும், மொத்தமும் கூழ்.
"அவருக்கு ராக்கெட் வேணாம் மேடம்.
மழை வருதுன்னு ஒரு மணி நேரம் முன்னாடி சொன்னாப் போதும்,
அள்ளிடுவாங்க.
சாட்டிலைட் படம் சும்மாவே கிடைக்குது.
பாத்துச் சொல்றதுக்கு ஒரு மழைக்கு அம்பது ரூபா, முன்பணம்.
வரலைன்னா திருப்பிக் குடுத்துடணும், பேசிட்டேன்."
வகுப்பு சிரித்தது.
கரும்பலகையில் நான் எழுதிவைத்திருந்த
பதினைந்தாயிரம் கோடிச் சந்தையின் ஓரத்தில்
அம்பது என்று எழுதினேன்.
சுண்ணாம்புக்கட்டி உடைந்தது.

நான்கு மணிக்கு நிறுத்தத்தில் நின்றபோது
ஏற்காடு தெரியவில்லை.
மேகம் கொண்டை ஊசி வளைவுகளில்
பேருந்தைப் போல நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.
வகுப்புக் குழுவில் அர்த்தநாரியின் செய்தி:
ஒரு படம், சிவப்பு அம்புக்குறி,
"அஞ்சரைக்கு எங்க ஊர். அள்ளச் சொல்லியாச்சு."
இளவஞ்சி ஒரு கட்டைவிரல் போட்டாள்.
நானும் போட்டேன்.

ஆறே முக்காலுக்கு இன்னொன்று:
"வரல மேடம். அயோத்தியாப்பட்டணத்தோட கலைஞ்சிடுச்சு.
எட்டு ஆளுக்குக் கூலி தண்டம், அப்பா திட்டறாரு.
அம்பது ரூபா திருப்பிக் குடுத்துட்டேன்."

அகமதிப்பீட்டுப் பதிவேட்டில்
அவன் பெயருக்கு நேரே முழு மதிப்பெண் போட்டேன்.
நான்கு வருடத்தில்
ஒருவருக்கும் ஒரு ரூபாயைக்கூட
நான் திருப்பிக் கொடுத்ததில்லை.
யாராவது கொடுத்திருந்தால்தானே.